காவலா, வேவா?

ஒரு காலத்தில் பங்களாக்களுக்கும் வங்கிகளுக்கும் நகைக் கடைகளுக்கும் உரியதாயிருந்த பொருளொன்று இன்று லயத்து இஸ்தோப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் காவற் கமராவைப் பற்றியே பேசுகிறோம். சுவரில் ஓர் ஆணி, பக்கத்தில் ஒரு மின் இணைப்பு, வீட்டில் சிறிது இணைய வசதி, இவ்வளவு போதும். இரவென்றும் பகலென்றும் பாராது அது விழித்திருக்கும். ஆள் அசைந்தால் உடனே செய்தி அனுப்பும். கண்டதைப் பதிந்து வைக்கும். பேச்சையுங்கூடக் கேட்டு வைக்கும். வீட்டுக்காரர் ஹற்றனில் இருந்தாலும் சரி, தோஹாவில் இருந்தாலும் சரி, கைப்பேசியைத் திறந்த மாத்திரத்தில் வீட்டு வாசல் அவர் கண்முன் வந்து நிற்கும். சில நாட் கூலியைச் சேர்த்தால் வாங்கிவிடலாம் என்னும் நிலை வந்துவிட்டபடியால், நமது தோட்டங்களிலும் இதனை நாடுவோர் தொகை பெருகிவருகிறது. "அடுத்த காம்பிராக்காரர் கமரா எங்கள் வாசலைப் பார்க்கிறதே, இதற்கு நியாயம் இல்லையா?" என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிட்டது. இந்த விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றி எடுத்துரைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

புதுமையைக் கண்டு வெருளும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். மின்விளக்கு லயத்துக்கு வந்தபோது நாம் மகிழ்ந்தோம். கைப்பேசி வந்தபோதும் மகிழ்ந்தோம். காவற் கமராவுக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுக்கத் தயங்கமாட்டோம். காலையில் பெரட்டுக்குப் போன குடும்பம் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்வரை, பூட்டு ஒன்றை மட்டும் நம்பி வீட்டை விட்டுச் செல்கிறது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மகளின் கலியாணத்துக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த இரண்டொரு பவுன் நகை. அதைப் பறிகொடுத்தவன் படும் துயரத்தைப் பார்த்தவர்கள், கமரா வேண்டாம் என்று எளிதில் சொல்லிவிடமாட்டார்கள். தேயிலைச் சரிவுகளை ஒட்டிய லயங்களின் ஓரத்துக்குச் சிறுத்தை வந்து நாயைக் கவ்விச் செல்வது மலைநாட்டவர் அறியாத செய்தியன்று. விடியுமுன் குழந்தையைப் பிள்ளை மடுவத்துக்குத் தூக்கிச் செல்லும் தாய், வெளியே என்ன நிற்கிறது என்று முன்கூட்டியே பார்க்க விரும்புவதில் குற்றம் என்ன?

இவை எல்லாவற்றிலும் வலுவான காரணம் இன்னொன்று உண்டு. மலையகத்துப் பெண்கள் கொழும்பு வீடுகளிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் வீட்டுவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் றியாத்துக்குப் போன ஒருத்தி, தான் விட்டுச் சென்ற ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து இஸ்தோப்பில் புத்தகப் பையை வீசி எறிவதைக் கமராவின் வழியாகப் பார்க்கிறாள். பாட்டி அடுப்பங்கரையில் வழுக்கி விழுந்தால் அதையும் பார்த்து, பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். அவளிடம் போய் அந்தரங்க உரிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்கு வாய் வரவில்லை. அதே பெண், தான் வேலை செய்யும் வீட்டின் கூடத்திலும் சமையலறையிலும் எசமானி பொருத்திய கமராவின் கீழே நாள் முழுவதும் நிற்க நேர்ந்தால், உட்கார்ந்தால் கேள்வி, ஒரு வாய் தேநீர் குடித்தால் கேள்வி என்றாகிவிடும். பார்ப்பதன் ஆறுதலையும் பார்க்கப்படுவதன் அவமானத்தையும் ஒரே நாளில் அனுபவிக்க நேரும் அவளைவிட, இந்த வழக்கின் இரண்டு பக்கத்தையும் நன்றாய் அறிந்தவர் யார்?

ஆகவே கமரா நல்லதா, கெட்டதா என்ற விவாதம் நமக்குப் பயனற்றது. அதை யார் வைக்கிறார், அது யாரைப் பார்க்கிறது, பார்த்தது யார் கைக்குப் போகிறது என்பவையே கேட்கப்பட வேண்டியவை. இந்தக் கேள்விகளுக்கு லயத்தில் கிடைக்கும் விடை, கொழும்பு கறுவாத் தோட்டத்தில் கிடைக்கும் விடையன்று.

கமராவைச் செய்து விற்கிற கம்பனிகள் ஒரு வீட்டை மனத்தில் வைத்தே அதைச் செய்கின்றன. அந்த வீட்டைச் சுற்றி மதில் உண்டு. மதிலுக்குள் முற்றம் உண்டு. முற்றத்துக்கு ஒரு படலை உண்டு. கமரா படலையைப் பார்க்கும். படலைக்கு வெளியே வீதி. அங்கே வைப்பவனும் பார்க்கப்படுபவனும் பெரும்பாலும் ஒருவனே. நமது லயமோ அப்படிப்பட்டதன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் காம்பிராக்களை வரிசையாக அடுக்கி, மேலே ஒரே தகரக் கூரையைப் போர்த்தி, முன்னால் ஒரே இஸ்தோப்பை நீட்டி வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட கட்டடம் அது. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதுகூட இல்லை. ஒரு காம்பிராவின் இருமல் மறு காம்பிராவில் கேட்கும். சுவருக்கும் காதுண்டு என்பது பிறருக்குப் பழமொழி. நமக்கு அது அன்றாட வாழ்க்கை.

இத்தகைய லயத்தின் மூன்றாவது காம்பிராவில் ஒருவர் தம் கதவுக்கு மேலே கமராவைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கள்வனைப் பிடிப்பதே அவர் நோக்கம்; அதில் வஞ்சகம் எதுவுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக் கண் அவருடைய கதவை மாத்திரம் பார்ப்பதில்லை. நான்காம், ஐந்தாம், ஆறாம் காம்பிராக்களின் வாசல்களைப் பார்க்கிறது. பீலியில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு ஏறிவரும் பெண்களைப் பார்க்கிறது. இரவில் கைவிளக்கோடு மலசலகூடத்துக்குப் போகும் முதியவரைப் பார்க்கிறது. ஆறாம் காம்பிராப் பெண்ணைப் பெண்பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்களா, சிரித்துக்கொண்டு போனார்களா என்பதையும் பார்க்கிறது. எந்தச் சாதிக்காரன் எந்த வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து சோறு தின்றான் என்று கணக்கெடுக்கும் கண்கள் நமது சமூகத்தில் இன்னும் மூடிவிடவில்லை. அந்தக் கண்களுக்கு இது ஒரு கண்ணாடியாகவும் அமைந்துவிடக்கூடும். ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய சௌகரியத்துக்கு விலை கொடுப்பவர்கள் பதினொரு குடும்பத்தார். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

"மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்கு அஞ்ச வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். உலகத்தில் வேறெவரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். மலையகத் தொழிலாளி கேட்கலாகாது. பார்க்கப்பட்டே வாழ்ந்த வரலாறு அவனுடையது. 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டை நாடெங்கும் நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறாண்டையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். துரையின் பங்களா குன்றின் உச்சியில் ஏன் கட்டப்பட்டது? காற்றுக்காக மட்டுமா? லயத்துக் கதவு திறப்பதும் மூடுவதும் அங்கிருந்து தெரியும். கங்காணி லயத்தோடு லயமாய் இருந்து வீட்டுக்குள் பேசியதை வெளியே கொண்டுபோனார். செக்ரோலில் பேர் விழாத நாளில், கணக்கப்பிள்ளை வீடு தேடி வந்து கதவைத் தட்டினார். துண்டு முறை என்றொன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய அந்தத் தாள் இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்கு அவனால் போக முடியாது. அவனைப் பற்றிய தகவல் அவன் கையில் இல்லை, எசமானின் கையில் இருந்தது என்பதே அதன் பொருள். 1921 இல் சட்டத்தின் மூலம் அந்தத் துண்டு ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப் போராடியவர்கள் இன்றிருந்தால், கூலிக்காசில் நாமே வாங்கி மாட்டும் கமராவைப் பார்த்து என்ன சொல்லுவார்களோ!

அவ்வளவு தூரம் போவானேன்? கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாட்டின் பிற மக்களுக்குத் தபாற்காரர் வீட்டுப் படலையில் கடிதத்தைக் கொடுக்கிறார். தோட்டத்து மக்கள் பலருக்கோ தோட்டத்தின் பெயரே விலாசம். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி, வந்தால் வரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து வந்து சேர்ந்ததால் வேலையை இழந்தோம் என்று நமது இளைஞர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். தனக்கு வரும் கடிதத்தைத் தானே முதலில் பிரிக்க வேண்டும் என்பதற்காக இத்தனை காலம் குரல் கொடுத்துவரும் மக்கள், தம் வாசலுக்கு வருவோர் போவோர் விபரத்தை எங்கோ ஒரு கம்பனியின் கணினிக்கு அன்றாடம் அனுப்பிக்கொண்டிருப்பது விந்தையிலும் விந்தை.

அந்தக் கம்பனிகளின் நாணயம் எப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று கிடைத்திருக்கிறது. அமேசனுக்குச் சொந்தமான றிங் நிறுவனத்தின் ஊழியர்கள், வாடிக்கையாளர் வீடுகளுக்குள் எடுக்கப்பட்ட தனிப்பட்ட காட்சிகளைப் பார்க்க இடம் கொடுக்கப்பட்டிருந்தது என்று அந்நாட்டு அரசாங்கத்தின் வர்த்தக ஆணைக்குழு 2023 இல் குற்றஞ்சாட்டியது. படுக்கையறைக் காட்சிகளும் அவற்றில் அடங்கும். 58 இலட்சம் டொலர் கொடுக்க அந்நிறுவனம் உடன்பட்டது. மறு ஆண்டு பெப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு கம்பனியில் கோளாறொன்று நேர்ந்தது. ஏறக்குறைய 13,000 பேருக்குத் தம் வீட்டுக்குப் பதிலாகப் பிறர் வீட்டுக் காட்சிகள் காட்டப்பட்டன. பெரிய பெயர் படைத்த கம்பனிகளின் கதை இது. பெயரும் விலாசமும் தெரியாத கம்பனியின் மலிவுச் சரக்கை வாங்கி, பெட்டியில் வந்த கடவுச்சொல்லைக்கூட மாற்றாமல் மாட்டிவைக்கும் நம்மவர் நிலையை என்னென்பது? இலத்தீன் எழுத்தில் அச்சிட்ட சிறு குறிப்பைத் தவிர, தமிழில் ஒரு வரி விளக்கமும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதில்லை.

எனினும் நம்மைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்வது அமெரிக்கக் கம்பனியன்று. அருகிலுள்ள தோட்டக் காரியாலயமே. தொழிற்சாலையிலும் கொழுந்து மடுவத்திலும் களஞ்சியத்திலும் நிர்வாகம் கமரா வைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதற்கும் அறிவித்தலும் எல்லையும் வேண்டுமென்றே சொல்லுகிறோம். ஆனால் லயம் வேலைத்தலமன்று. அது வீடு. லயத்துக்குப் போகும் பாதையில், நீர்க்குழாயடியில், கோயில் முன்றலில் பாதுகாப்பு என்ற பெயரால் நிர்வாகம் ஒரு கமராவை நாட்டுமாயின், அது பங்களாவைக் குன்றிலிருந்து இறக்கி லயத்து வாசலில் கொண்டுவந்து வைப்பதற்குச் சமம்.

நிர்வாகம் அவ்வளவு சிரமப்படவும் தேவையில்லை. தொழிலாளியே தன் காசில் கமரா வாங்கி மாட்டியிருக்கும்போது, "நேற்று இரவு எட்டு மணிக்கு உன் இஸ்தோப்பில் யார் யார் கூடினார்கள், அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டு" என்று கேட்டால் போதும். அதை மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? கூரைக்குத் தகரம் வேண்டும், மகனுக்கு வேலைப் பதிவு வேண்டும், ஒரு தட்டியை நீட்டிக் கட்ட அனுமதி வேண்டும் என்று அன்றாடம் அதே காரியாலயத்தின் படியேறுகிறவன் அவன். சங்கக் கூட்டங்கள் மண்டபங்களில் மாத்திரம் நடப்பதில்லை. சம்பளப் பிரச்சினை முற்றும் நாட்களில் உண்மையான ஆலோசனை இரவில், யாரோ ஒருவர் இஸ்தோப்பில், ஒரு கேத்தல் சாயத் தண்ணீரைச் சுற்றி நடக்கிறது. இன்னும் சங்கத்தில் சேராத இளைஞன் அங்கே வந்து பின்னால் நின்று கேட்கிறான். அவன் முகம் பதிவாகிறது என்று தெரிந்தால் நாளை வருவானா? விறகு வெட்டிக்கொண்டு வந்தவர் யார், சுகவீனம் என்று சொல்லிவிட்டு வெளியில் கூலிக்குப் போனவர் யார் என்ற விபரங்களும் அந்தப் பதிவில் கிடக்கின்றன. வேலை நிறுத்தம் ஒன்று முடிந்தபின் பழிவாங்கத் துடிக்கும் ஒரு நிர்வாகத்தின் கையில் இது கிடைத்தால், பற்றுச்சீட்டு எழுதுவதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

நீதிமன்றத்தில் இத்தகைய பதிவை முன்வைப்பது அவ்வளவு எளிதன்று. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, ஒலி ஒளிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவர விரும்புபவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்; பதிவையும் பதிந்த கருவியையும் பரிசோதிக்க எதிர்த்தரப்புக்கு இடமளிக்க வேண்டும். ஆனால் தோட்டக் காரியாலயத்தில் நடக்கும் உள்ளக விசாரணையில் இந்தப் பாதுகாப்பு ஏது? 1957 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிறந்த தொழில் நியாயசபையும் சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அந்த நெகிழ்ச்சி தொழிலாளியின் நன்மைக்காகவே அமைக்கப்பட்டது. அறுத்து ஒட்டிய அரை நிமிடப் படம் ஒன்று அதே வாசலால் உள்ளே நுழையக்கூடும் என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

இனி, அடுத்த வீட்டான் கமராவுக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா என்று பார்ப்போம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையாக எங்கும் எழுதப்படவில்லை. 2015 இன் 19 ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையைச் சேர்த்தபோது, தகவலை மறுப்பதற்குரிய காரணங்களில் ஒன்றாகவே அந்தரங்கம் தலைகாட்டியது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 17 ஆம் உறுப்புரை அந்தரங்கத்தைக் காக்கிறது. இலங்கை 1980 இல் அதனை ஏற்றது. ஆனால் 2007 இல் அவ்வுடன்படிக்கையின் பெயரால் இயற்றிய சட்டத்தில் அந்த உறுப்புரைக்கு இடமில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஓகஸ்டில் ஒருமுகமாகத் தீர்த்தார்கள்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தை நமது பாராளுமன்றம் நிறைவேற்றியது. நல்ல சட்டம்தான். அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருமென்று எதிர்பார்க்கப்பட்டு, பின்னர் தள்ளிப்போடப்பட்டன. அதை விடுவோம். அச்சட்டமே ஒரு விதிவிலக்கை வைத்திருக்கிறது: ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குச் சட்டம் ஏலாது. மதில் கட்டிய வீட்டுக்கு இது பொருந்தும். லயத்தில் 'வீடு' எங்கே முடிகிறது? மூன்றாம் காம்பிராக்காரரின் வீட்டுத் தேவை ஒன்பதாம் காம்பிராவின் வாசல்வரை நீளுமா? சட்டம் எழுதியவர்கள் லயத்தைக் கண்டிருக்கமாட்டார்கள் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலைப் பிற நாட்டு நீதிமன்றங்கள் சந்தித்திருக்கின்றன. செக் நாட்டில் ஒருவர், தம் வீட்டு யன்னல்கள் திரும்பத் திரும்ப உடைக்கப்பட்டதால் கமரா வைத்தார். அது தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பார்த்தது. அவர்மேல் யாருக்கும் இரக்கம் பிறக்கும். ஆயினும், பொது இடத்தைப் பார்க்கும் கமரா முற்றிலும் வீட்டுக் காரியம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கல்கத்தாவில் ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களுக்குள் இதே பிணக்கு எழுந்தது. உடன் வாழ்பவரின் சம்மதமின்றி வசிப்பிடப் பகுதியில் கமராவை இயக்கலாகாது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2025 இல் கூறியது. அதில் தலையிட இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் என்ற நமது நிலைக்கு இதைவிட நெருங்கிய தீர்ப்பு இருக்க முடியாது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நீதிமன்றம் 2021 இல் விசாரித்த அயலவர் வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவே பெரிதும் கண்டிக்கப்பட்டது. 40 அடிக்கு அப்பாலுள்ள பேச்சையும் கேட்கும் கருவி அளவுக்கு மிஞ்சியது என்றார் நீதிபதி. 40 அடி என்பது நமது கணக்கில் எத்தனை? நான்கு காம்பிரா.

இவை நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதவை, வழிகாட்டக்கூடியவை மட்டுமே. மானத்துக்கு இழுக்கு நேர்ந்தால் நட்டஈடு கோர உரோமன் டச்சுச் சட்டம் இடமளிக்கிறது என்பது உண்மை. ஆனால் நாட்கூலிக்காரன் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வழக்காடுவதைப் பரிகாரம் என்று சொல்ல, சட்டம் பயின்ற நமக்கே கூச்சமாக இருக்கிறது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை இத்தகைய அயலவர் பிணக்குக்கு ஏற்ற இடம், செலவில்லை, பேசித் தீர்க்கலாம். அதற்கும் முன்னால் லயத்திலேயே தீர்த்துக்கொள்ள முடியாதா?

முடியும் என்றே நாம் நம்புகிறோம். கமரா தன் கதவையும் தன் பூட்டையும் பார்க்கட்டும். இஸ்தோப்பின் நீளத்தைப் பார்க்கும்படி அதைத் திருப்ப வேண்டியதில்லை. வீட்டுக்கு உள்ளே வைத்து வாசலை நோக்கித் திருப்பினாலே கள்வன் முகம் தெளிவாக விழும்; பாட்டியும் பிள்ளையும் தெரிவார்கள்; அயலவர் தெரியமாட்டார்கள். இக்கருவிகள் பலவற்றில் ஒலியை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அதை நிறுத்திவிட வேண்டும். சிறுத்தைக்காகவோ பொதுக் களவுக்காகவோ லயம் முழுவதற்கும் ஒரு கமரா தேவையென்றால், அது ஒருவர் தீர்மானிக்கும் காரியமன்று. பன்னிரண்டு குடும்பமும் கூடி, பெண்கள் வாய்திறந்து சொன்ன சம்மதத்தோடு, எங்கே வைப்பது, எந்த நேரம் இயக்குவது, பதிவை யார் வைத்திருப்பது, எத்தனை நாளில் அழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெண்கள் என்று தனியாகச் சொல்லுவது காரணத்தோடுதான். லயத்துக் கூட்டமென்றால் ஆண்கள் பேசுவதும் பெண்கள் கதவோரம் நிற்பதும் நமக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் பார்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் அவர்களே. வெளியூரில் இருக்கும் கணவன் மனைவியின் போக்குவரத்தைக் கைப்பேசியில் எண்ணிக்கொண்டிருப்பதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயரிட்டு அழைக்கும் வழக்கத்துக்கும் நாம் துணைபோகமாட்டோம்.

பொலிசாருக்குக் களவு விசாரணைக்காகப் பதிவைக் கொடுக்கலாம். எழுத்தில் முறைப்பாட்டு இலக்கம் பெற்று, குறித்த நேரத்துப் பகுதியை மாத்திரம் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்கலாகாது. இதைத் தனித் தொழிலாளியின் துணிவுக்கு விட்டுவிடுவது தொழிற்சங்கங்களுக்கு அழகன்று. சம்பளம், கிலோ, வேலை நாள் என்று நிர்வாகங்களோடு பேசும் மேசையில் இதுவும் ஒரு வாசகமாக இடம்பெற வேண்டும்: லயங்களிலும் குடியிருப்புப் பாதைகளிலும் நிர்வாகம் கமரா வைப்பதாயின் குடியிருப்போரின் எழுத்து மூலமான சம்மதம் பெற வேண்டும், தொழிலாளியின் வீட்டுக் கமராப் பதிவை ஒழுக்காற்று விசாரணைக்குக் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது. 1992 இல் தோட்டங்களைக் கையேற்ற பிராந்தியக் கம்பனிகள் நிலத்தையும் தேயிலையையும் பராமரிக்கவே குத்தகை பெற்றன. லயத்து வாசலில் நடப்பதைப் பார்க்கும் உரிமை அந்தக் குத்தகையில் எழுதப்பட்டதாக நாம் ஏற்கமாட்டோம்.

தனி வீடு கிடைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது என்பாரும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் நிலமும் அதற்கோர் எல்லையும் உண்டு. எல்லை என்ற ஒன்று இருக்குமிடத்தில்தான் கமராவுக்கும் எல்லை வகுக்க முடியும். ஆனால் இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்தில் இருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் மலைநாட்டைச் சிதைத்தபின், இருந்த காம்பிராவையும் இழந்து தங்குமிடங்களில் ஒதுங்கிய குடும்பங்களும் உண்டு. (அந்த நாட்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்த இடங்களில் கமராக்களும் குருடாயின. கடல் கடந்திருந்த பிள்ளைகளுக்குத் தாயின் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அடுத்த காம்பிராக்காரர்கள்தாம்.) வீட்டுரிமையும் காணியுரிமையும் வரும்வரை அந்தரங்கம் காத்திருக்கட்டும் என்று கூறுவது, சோறு வரும்வரை மூச்சுவிடாதே என்பதைப் போன்றது.

தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. வீட்டுத் தேவை என்ற விதிவிலக்கு, ஒரே இஸ்தோப்பைப் பகிரும் குடியிருப்புகளில் எதுவரை செல்லும் என்பதை விளக்கும் ஒரு வழிகாட்டிக் குறிப்பை அது வெளியிட வேண்டும். தோட்டத்துக் கடிதங்களின் கதி தெரிந்தபடியால் இன்னொன்றும் சொல்லிவைக்கிறோம்: அந்தக் குறிப்பு தமிழிலும் அச்சாகி, தோட்டக் காரியாலயத்தின் வழியாக அன்றி, பிரதேச சபைகளின் மூலமும் கிராம உத்தியோகத்தர் மூலமும் நேரே லயங்களுக்கு வந்துசேர வேண்டும்.